கணக்கெடுத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மத்திய, மாநில அரசுகளில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

உங்கள் கோப்பில் "திட்டக் காலம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதியவர் அடுத்த கோப்புக்குப் போயிருப்பார். அந்த வரி யார் பிள்ளைகளைப் பற்றியதோ அவர்கள் எங்கள் தெருவில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் ஒரு மீனவ ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குச் சில வருஷம் முன்பு எங்கள் பக்கத்துக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு. பிறந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, பேச்சு, நடை, விளையாட்டு, பழக்கம் என்று எல்லாவற்றையும் வருஷா வருஷம் தொடர்ந்து பார்க்கப் போகிறோம், ஆட்டிசத்தையும் (பேச்சிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் பிள்ளை வேறுபட்டு இருக்கிற வளர்ச்சி நிலை) வளர்ச்சித் தாமதத்தையும் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்துகொள்ளப் போகிறோம் என்றார்கள். வீடு வீடாக அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். "டீச்சர் சொல்றாங்க, சரி" என்றுதான் தாய்மார்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது வருஷம் பணம் நின்றது. வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொண்டிருந்த பெண்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். எழுதியதெல்லாம் எங்கே இருக்கிறது, யாராவது படித்தார்களா, படித்ததில் ஏதாவது தெரிந்ததா, ஒன்றும் ஊருக்குச் சொல்லப்படவில்லை. தாய்மார்கள் அந்தக் குழுவைத் தேடி எந்த ஊருக்குப் போவார்கள்? என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். இன்றைக்கும் ரேஷன் கடை வரிசையில் யாராவது ஒருத்தி கேட்காமல் விடுவதில்லை. "டீச்சர், நம்ம பிள்ளையை எழுதிட்டுப் போனாங்களே, என்னாச்சு?"

பணம் நின்ற நேரம்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை மூன்று வயதில் எப்படி இருக்கிறது, ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் எப்படி உட்காருகிறது என்று பார்த்தால்தானே முதலில் கண்ட அறிகுறிக்கு என்ன பொருள் என்று தெரியும்? சிலர் தாமதமாகப் பேசுகிறார்கள், ஆனால் பேசிவிடுகிறார்கள். சிலர் பேசிய நாலு வார்த்தையையும் தொலைத்துவிடுகிறார்கள். அந்த வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிற வயதில் கணக்கை மூடினார்கள். வலையை விரித்துவிட்டு, இழுக்கிற நேரத்தில் டீசல் இல்லை என்று கரைக்குத் திரும்பினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு.

நிதி நீண்ட காலத்துக்கு ஏன் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அவர்கள் கொண்டுவந்த கேள்வித்தாளைப் பார்த்துத்தான். கடல்பாசி எடுக்கப் போகிற பெண் ஒருத்தி, அவள் மகனுக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். "குழந்தை தனக்கு வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுமா?" என்று கேட்டார்கள். "காட்டுவானே" என்றாள். 'ஆம்' என்று குறித்தாகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "எப்படிக் காட்டுவான், செஞ்சு காட்டு தாயி" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தண்ணிக் குடத்து மேலே என் கையை வைத்தாள். அவன் விரலை நீட்டவே இல்லை. அம்மாவின் கையை ஒரு சாமானைப் போல எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான், முகத்தைக்கூடப் பார்க்காமல். குழுவில் வந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள். அது ஆட்டிசத்துக்கு எவ்வளவு பெரிய அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தாளில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது.

இன்னொரு கேள்வி, மாடிப்படி, சோபா மாதிரி உயரமான இடங்களில் ஏறுவானா என்று. ஓலை வீட்டில் மாடிப்படிக்கு எங்கே போவது? கரையேற்றி வைத்த நாட்டுப்படகில் தொற்றி ஏறுவானா என்றல்லவா கேட்க வேண்டும். இப்படி ஒவ்வொரு கேள்வியையும் எங்கள் பேச்சுக்கும் பிழைப்புக்கும் தகுந்தபடி மாற்றி, மாற்றிய கேள்வி சரியான பிள்ளையைப் பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவே காலம் ஓடிவிட்டது. எந்த நேரத்துக்கு வந்தால் வீட்டில் ஆள் இருக்கும் என்பதைப் படிக்கவே ஒரு வருஷம் பிடித்தது. தண்ணீர் வற்றுகிற நாளில் பெண்கள் எல்லாரும் பாசிக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் ஆண்களில் பாதிப்பேர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள். இதையெல்லாம் பழகி முடித்து, ஆய்வு உண்மையில் ஆரம்பித்தபோது உங்கள் மூன்று வருஷம் தீர்ந்துவிட்டது.

ஆட்டிசத்தைப் பற்றித்தான் உலகம் முழுக்க ஆராய்கிறார்களே, ராமநாதபுரத்தில் தனியாக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டு கோப்பது எங்கள் ஊரில் வீட்டு வேலை. திண்ணையில் தாத்தா உட்கார்ந்து கோப்பார், பக்கத்தில் தவழ்கிற பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் போடும். துப்பச் சொல்லுவோம், துப்பும், மறுபடி எடுக்கும். பழைய ஈயத்தை அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்தப் புகை எங்கே போகிறது? குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அது புத்தியையும் கவனத்தையும் கெடுக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஈயத்தால்தான் ஆட்டிசம் வருகிறது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு, அந்தப் பிள்ளைகள் பத்து வயதில் எப்படிப் படிக்கிறார்கள் என்று யாராவது சேர்த்துப் பார்த்தார்களா என்று கேட்கிறேன். அதற்குப் பத்து வருஷம் வேண்டும்.

இன்னும் இருக்கிறது. உப்புத் தண்ணீரைக் குடித்துக் கர்ப்பம் சுமக்கிற பெண்கள். கணவன் இலங்கைச் சிறையில் கிடக்க, என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே பிள்ளை பெற்றவர்கள் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் எத்தனை பேர். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கிற கல்யாணம். இவற்றுக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு என்ன, எவ்வளவு என்று இந்தக் கரையிலேயே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

என் தம்பி மகள் நர்சிங் படித்தவள். அவளை உட்கார வைத்து, மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லச் சொன்னேன். நார்வேயில் 1999 முதல் 2008 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு செய்து, அந்தப் பிள்ளைகளை இன்றுவரை தொடர்கிறார்கள். கருத்தரிக்கும் காலத்தை ஒட்டி ஃபோலிக் அமிலம் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் குறைவாகக் காணப்பட்டது என்று 2013-ல் அந்தக் கணக்கிலிருந்துதான் எழுதினார்கள். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பலர் மாதம் மூன்று தாண்டித்தான் பதிவுக்கே வருவார்கள். மாத்திரை கைக்கு வரும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். இந்தத் தாமதம் எங்கள் பிள்ளைகளை என்ன செய்கிறது? அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று 2025-ல் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள், அதனால் சொல்ல முடிகிறது. நம் நாட்டில் காங்ரா, பல்வல், தென்கனால், வடக்கு கோவா, ஐதராபாத் என்று ஐந்து இடங்களில் இரண்டிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்த்து, ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது என்று 2018-ல் வெளியிட்டார்கள். நல்ல வேலை, பெரிய வேலை. ஆனால் அதில் தமிழ்நாடு இல்லை. பிள்ளைகளை ஒருமுறை பார்த்ததோடு சரி.

தடுப்பூசி வதந்தியையும் சொல்லியாக வேண்டும். 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த கண்ட கண்ட செய்தியைப் பார்த்து ஊசி வேண்டாம் என்று நின்றவர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வற்றியவள் நான். ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது 1998-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது பொய் என்று எப்படித் தெரிந்தது? டென்மார்க்கில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கிறது. 2002-ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும், 2019-ல் ஆறரை லட்சம் பிள்ளைகளையும் அந்தப் பதிவை வைத்துப் பார்த்து, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டினார்கள். எங்கள் தெரு உம்மாக்களிடம் நான் டென்மார்க் கணக்கைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள், "அது வெள்ளைக்காரப் பிள்ளைங்க டீச்சர், நம்ம பிள்ளைங்க கணக்கு எங்கே?"

நம்மால் முடியாத காரியமும் இல்லை இது. வேலூரில் 1969-லிருந்து 1973 வரை பிறந்தவர்களை அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சென்னையில் மனச்சிதைவுக்கு முதன்முதலாகச் சிகிச்சைக்கு வந்த 90 பேரை 1981-லிருந்து எடுத்து 25 வருஷம் வரை தொடர்ந்தார்கள். அந்த நோய் வந்தால் வாழ்க்கை அவ்வளவுதான் என்று நினைத்திருந்த காலத்தில், பலர் தேறி வேலைக்குப் போனதை அந்த ஆய்வு காட்டியது. 25 வருஷம் பார்த்ததால் தெரிந்தது அது. மூன்று வருஷத்தில் விட்டிருந்தால்?

பணம் இல்லை என்ற பதிலை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். 2020-21-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குப் போனது என்று உங்கள் அரசே சொல்கிறது. 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் கொண்டு வந்தபோது ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் திரட்டுவோம் என்றீர்கள். அதில் ஒரு கடற்கரை மாவட்டத்துக் குழந்தைகளுக்கு ஒரு ஓரம்கூட இல்லையா? அமெரிக்காக்காரர்கள் ஒரு லட்சம் பிள்ளைகளைத் தொடரப் போகிறோம் என்று நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டிவிட்டு 2014-ல் கைவிட்டதையும் படித்தேன். அளவுக்கு மீறித் திட்டம் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். அதைக் காட்டி எங்களை மறுக்காதீர்கள். நாங்கள் கேட்பது ஒரே ஒரு மாவட்டம், அதுவும் பாதி வேலை முடிந்த மாவட்டம்.

உண்மையாகவே பாதி முடிந்துதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் ஆர்.சி.எச். எண் என்கிற தாய் சேய் நலப் பதிவு எண் உண்டு, அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. பிறந்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்கிறார், அப்புறம் அங்கன்வாடியில் மாதா மாதம் எடை, உயரம். 2013-லிருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்கிற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டக் குழு வருஷத்தில் இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து வளர்ச்சித் தாமதத்தையும் பார்க்கிறது. 2022-லிருந்து ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டம் என்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இரண்டில் எங்களுடையதும் ஒன்று. எல்லாக் கணக்கும் தனித்தனி நோட்டில் கிடக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரில் சேர்த்துப் படிக்க ஆள் இல்லை, ஆளுக்குச் சம்பளம் இல்லை.

முதலில் சிகிச்சை, அப்புறம் ஆராய்ச்சி என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். நல்ல மனுஷர், வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் எந்தப் பயிற்சி எந்தப் பிள்ளைக்குப் பலன் தரும் என்று தெரியாமல் சிகிச்சையை எப்படிக் கொடுப்பது? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், சிறப்பு மருத்துவர் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களை வைத்தே தாய் தகப்பனுக்குப் பிள்ளையோடு பழகும் முறையைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது என்று 2016-ல் வெளியானது. என்னைப் போன்றவர்களை வைத்துச் செய்யக்கூடிய வேலை. அந்தப் பிள்ளைகள் பதினைந்து வயதில் எப்படி இருப்பார்கள் என்று தெரிந்தால்தானே ஊர் முழுக்கக் கொண்டுபோக முடியும்?

கடைசியாக, பெரியவர்களானவர்களைப் பற்றி. என் அக்கா மகனுக்கு இப்போது இருபத்து நாலு வயது. ஆட்டிசம் என்று ஒரு பெயர் கிடைப்பதற்கே அவனுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அதுவரை, மனநோய் தீரும் என்று ஜனங்கள் போகிற ஏர்வாடி தர்காவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனோம். தர்காவைக் குறை சொல்ல மாட்டேன். ஆறுதல் கிடைக்கிற இடத்துக்கு ஜனங்கள் போகத்தான் செய்வார்கள். ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதே ஊரில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. எங்கள் அக்கா மறக்கவே இல்லை. தனக்குப் பிறகு அவனை யாராவது எங்காவது கட்டிப் போட்டுவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம். 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை, 2016 சட்டத்தில்தான் 21 வகையில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிற திட்டம் 18 வயதோடு முடிகிறது. அதற்கு மேல் இந்தக் கரையில் ஆட்டிசம் உள்ள ஆண்களும் பெண்களும் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், யார் சோறு போடுகிறார்கள் என்று எந்த நோட்டிலும் இல்லை. அவன் வலையில் சிக்கு எடுக்க உட்கார்ந்தால் ஊரில் அவனுக்கு நிகர் ஆள் கிடையாது. அதை எழுதக்கூட உங்கள் படிவத்தில் இடமில்லை.

இனி நாங்கள் கேட்பது.

நின்றுபோன ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், அவர்கள் பிள்ளையைப் பற்றி எழுதியதைத் தமிழில் எழுத்தாகக் கொடுங்கள். சந்தேகத்துக்குரிய அறிகுறி இருந்த பிள்ளைகளின் வீட்டுக்கு இந்த வருஷமே ஆள் அனுப்புங்கள். யார் வீடு மாறினார்கள், எந்த ஊருக்குப் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்வோம்.

ராமநாதபுரம் கடற்கரையில் பிறக்கும் பிள்ளைகளைக் கர்ப்பத்திலிருந்து குறைந்தது இருபது வயது வரை தொடர்கிற ஆய்வுக்குத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் பங்கு போட்டுக்கொள்ளட்டும், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியே நடத்தட்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்யுங்கள், குறை இருந்தால் முறையை மாற்றுங்கள். பிள்ளைகளைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது, அதை ஆணையிலேயே எழுதுங்கள். ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனை முதல் வருஷத்திலேயே வேண்டும். 18 தாண்டியவர்களின் கணக்கெடுப்பும் அதோடு சேர வேண்டும்.

கள வேலைக்கு உள்ளூர்ப் பெண்களை எடுத்து, திட்டத்தோடு போய்விடாத சம்பளம் கொடுங்கள். ஆர்.சி.எச். எண்ணோடு சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்று விலகுகிறவர்களுக்கு எந்தச் சலுகையும் நிற்கக் கூடாது. அறிகுறி தெரிந்த பிள்ளைக்கு மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, திருவாடானை என்று அந்தந்த ஒன்றியத்திலேயே பயிற்சி கிடைக்க வேண்டும். ஒரு நாள் மாவட்டத் தலைநகருக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது, இரண்டு வாரத்தில் அம்மாக்கள் நின்றுவிடுகிறார்கள். ஆய்வை மேற்பார்வை செய்கிற குழுவில் பெற்றோர் இருக்க வேண்டும், கண்டதை வருஷம் ஒருமுறை ஊர்க் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பு இதற்குப் பதில் எதிர்பார்க்கிறோம். முடியும் என்றாலும் முடியாது என்றாலும் காரணத்தோடு, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுகிற மாதிரி தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை